கப்பலில் போய் வரைவது: ஏட்ரியாட்டிக் கரையின் பழைய நகரங்களுக்கு ஒரு பகல் போதுமா?

மைக்கூடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் இத்தாலியின் த்ரியெஸ்தே துறைமுகத்தில் கப்பல் ஏறி, குரோஷியாவின் ஸ்ப்ளிட், டுப்ரோவ்னிக், மாண்டினீக்ரோவின் கோட்டோர், கிரீஸின் கோர்ஃபு ஆகிய ஊர்களில் நின்று, மால்ட்டாவின் வல்லெட்டாவில் முடியும் பயணம் ஒன்றுக்குப் பதிவு செய்திருக்கிறேன். ஒவ்வோர் ஊரிலும் கப்பல் காலை எட்டு மணி அளவில் கரை சேர்கிறது. மாலை ஐந்து மணிக்குள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும். நான் போவது வரைவதற்காகத்தான். பேனா, மை, சிறிய நீர்வண்ணப் பெட்டி, கைக்கு அடங்கும் ஸ்கெட்ச் புத்தகம் ஆகியவற்றைத் தவிர வேறு எதையும் சுமக்கப் போவதில்லை.

இவை பெரும்பாலும் மதிலுக்குள் அடங்கிய சிறிய ஊர்கள். சுற்றிப் பார்த்துவிட்டு வரைய உட்கார்ந்தால் நேரம் போய்விடும். முதலிலேயே உட்கார்ந்துவிட்டால் ஊரைப் பார்க்காமலே திரும்ப நேரும். ஒரு நகரத்துக்கு ஒரே ஓவியம் என்று வைத்துக்கொள்வதா, அல்லது பத்துப் பதினைந்து நிமிடக் குறிப்புகளால் பக்கங்களை நிரப்புவதா? இந்தப் பகுதியில் வரைந்த அனுபவம் உள்ளவர்கள் ஊர் வாரியாகச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கல்தச்சன் எழுதியது:

ஒரே ஓவியம் என்பதே என் கட்சி. ஸ்ப்ளிட்டையே எடுத்துக்கொள்வோம். ரோமப் பேரரசர் தியோக்லேஷியன் பதவியைத் துறந்த பிறகு வாழ்வதற்காக, கி.பி. 305 வாக்கில் கட்டி முடிக்கப்பட்ட அரண்மனைதான் அந்நகரத்தின் பழைய பகுதி. ஏறத்தாழ 215 மீட்டர் நீளமும் 180 மீட்டர் அகலமும் கொண்ட அந்த வளாகத்துக்குள், ஏழாம் நூற்றாண்டில் அருகிலிருந்த சலோனா நகரத்தின் அகதிகள் குடியேறினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை மக்கள் தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பியும், மண்டபச் சுவர்களில் ஜன்னல் வெட்டியும், அரண்மனையை உடைக்காமல் அதற்குள்ளேயே வீடு கட்டியும் வாழ்ந்து வருகிறார்கள். கிறித்தவர்களைக் கொடுமைப்படுத்திய அந்தப் பேரரசரின் கல்லறை மாளிகை, பிற்காலத்தில் பேராலயமாகவே மாறிவிட்டது. இத்தனை அடுக்குகளையும் ஒரு பகலில் சுற்றி முடித்துவிடலாம் என்று நினைப்பதைவிட, அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் ஓர் இடத்தைத் தேர்ந்து அதை மட்டும் வரைவது மேல்.

அந்த இடம் நடுமுற்றமான பெரிஸ்டைல். அதன் மேற்குப் பக்கத்தில் ரோமானியத் தூண்வரிசையின் வளைவுகளுக்குள்ளேயே மறுமலர்ச்சிக் கால மாளிகைகளைக் கட்டியிருக்கிறார்கள். ஒரு தூணைப் பாதத்திலிருந்து தொடங்கி, அதன் தலைப்பு, அதன் மேலுள்ள வளைவு, அந்த வளைவை அடைத்து எழுந்த பிற்காலச் சுவர், அச்சுவரின் ஜன்னல் என்று மேல்நோக்கி வரைந்துகொண்டே போனால், ஸ்ப்ளிட்டின் வரலாறு முழுவதும் ஒரு நெடும்பக்கத்தில் அடங்கிவிடும்.

1757ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம், பிரெஞ்சு ஓவியர் க்ளெரிசோவையும் இரண்டு வரைவாளர்களையும் அழைத்துக்கொண்டு கடல் வழியாக இங்கே வந்தார். ஐந்து வாரங்கள் தங்கி அரண்மனையை அளந்து வரைந்தார்கள். அப்போது ஆட்சியிலிருந்த வெனிஸ் அரசின் அதிகாரி, கோட்டைகளை வேவு பார்க்க வந்தவர்களோ என்று ஐயுற்றுத் தடுக்கவும் செய்தார். 1764இல் அந்தப் படங்கள் பெரிய நூலாக வெளிவந்து, பிரிட்டிஷ் மாளிகைகளின் அலங்காரத்தையே மாற்றின. தேர்ந்த கைகள் நான்குக்கு ஐந்து வாரம் பிடித்த இடத்தை நாம் ஒரு பகலில் முழுமையாகப் பிடித்துவிட முயல்வது வீண். ஒரு தூண் போதும்.

நங்கூரம் எழுதியது:

நான் ஓவியன் அல்லன். சரக்குக் கப்பல்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பொழுதுபோக்குக்காகப் பென்சிலைத் தொடுபவன் என்ற அளவில் ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மைக்கூடு அவர்கள் காலை எட்டு மணியிலிருந்து கணக்குப் போடுகிறார். கப்பலில் போகிறவர் கணக்கை அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே தொடங்க வேண்டும். இந்த ஊர்களின் முகம் கடலை நோக்கியே இருக்கிறது. கோட்டை, வாயில், சுங்கச் சாவடி, மணிக்கூண்டு என்று எதை எடுத்தாலும் படகில் வந்து சேர்கிறவன் கண்ணில் படும்படியாகவே அமைத்தார்கள். விமானத்தில் வந்து பேருந்தில் இறங்குகிறவர்கள் ஊருக்குள் பின்கட்டு வழியாக நுழைகிறார்கள்.

கோட்டோரைச் சொல்கிறேன். திறந்த கடலிலிருந்து ஊர் வரைக்கும் மலைகளுக்கு இடையே வளைந்து வளைந்து போகும் உட்கடல் அது. வெரிகே என்ற இடுக்கு ஏறத்தாழ 340 மீட்டர் அகலம்தான். அதைத் தாண்டியதும் எதிரே பெராஸ்ட் என்னும் சிற்றூரும் அதன் முன்னால் இரண்டு தீவுகளும் தெரியும். ஒன்று இயற்கையானது. மற்றொன்று, பழைய படகுகளில் கற்களை நிரப்பி மூழ்கடித்து மனிதர்களே உண்டாக்கியது. அதன் மேல் மாதா கோயில் இருக்கிறது. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 22ஆம் நாள் ஊரார் படகுகளில் போய் அங்கே கல் போடுகிறார்கள். கப்பல் அங்கிருந்து வலப்புறம் திரும்பிக் கோட்டோருக்குப் போகும். ஆகவே உள்ளே வரும்போது கப்பலின் இடப்பக்கத்திலும், வெளியே போகும்போது வலப்பக்கத்திலும் நில்லுங்கள்.

இன்னொன்று முக்கியம். எல்லோரும் காட்சிக்காக மேல்தளத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் கீழே இறங்குங்கள். பெரிய பயணிகள் கப்பலின் மேல்தளம் நீர்மட்டத்திலிருந்து 30 மீட்டருக்கு மேலும் இருக்கலாம். கரையிலுள்ள வீடுகளின் கூரைகளைக் குனிந்து பார்ப்பீர்கள். மதிலின் உயரம் உங்களுக்குத் தெரியாது. கப்பலைச் சுற்றி நடப்பதற்கென்று கீழே ஒரு திறந்த தளம் பெரும்பாலான கப்பல்களில் உண்டு. கப்பல் நங்கூரமிட்டு டெண்டர் எனப்படும் சிறு படகில் கரைக்கு அனுப்பினால் இன்னும் நல்லது. கண் நீருக்கு மேலே இரண்டு மீட்டரில் இருந்தால் தொடுவானம் ஐந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். 30 மீட்டரில் இருந்தால் இருபது கிலோமீட்டரை நெருங்கிவிடும். மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை கிடைக்கும். படகிலிருந்து பார்த்தால்தான் மதில் வானத்தை முட்டும்.

ஈரத்தூரிகை எழுதியது:

நங்கூரம் ஐயா சொல்வதில் ரசனை இருக்கிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. கப்பலிலிருந்து வரைந்தவை எல்லாம் கடைசியில் அஞ்சலட்டைகளைப் போலவே வந்து நிற்கின்றன. கப்பல் நகர்ந்துகொண்டே இருப்பதால், தொடங்கிய கோணம் முடிக்கும்போது இருப்பதில்லை. ஊரின் ஓசை, சமையல் மணம், கொடியில் காயும் துணி எதுவும் அந்தத் தொலைவுக்கு எட்டாது. தவிரவும், நீர்வண்ணம் பழகுகிறவர்களுக்கு இந்த ஊர்கள் கற்றுத்தரும் பெரிய பாடம் சுண்ணாம்புக்கல்லின் மேல் விழும் வெளிச்சம். அதை அருகிருந்துதான் படிக்க முடியும்.

டுப்ரோவ்னிக்கின் நடுத்தெருவான ஸ்ட்ராதுனில் காலையிலேயே போய் உட்காருங்கள். காலடிகள் பட்டுப் பட்டு மெருகேறிய கல் தரை, மழையே பெய்யாத நாளிலும் ஈரத் தரையைப் போல வீடுகளைப் பிரதிபலிக்கும். அந்தப் பிரதிபலிப்பைச் செங்குத்துக் கோடுகளாக மட்டும் இழுத்து, தாளின் வெண்மையை விட்டுவிட்டால் போதும். சுவர்களின் நிழலுக்கு வெறும் சாம்பல் நிறம் போடாதீர்கள். வானத்தின் நீலம் நிழலின் மேற்பகுதியில் இறங்கும். தரையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தால் கீழ்ப்பகுதியில் லேசான மஞ்சள் ஏறும். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்து, கீழே போகப் போகச் சியன்னாவைக் கூட்டினால் அந்த மாற்றம் கைக்கு வந்துவிடும்.

தெருவின் இருபுறமும் வீடுகள் ஒரே அளவில், ஒரே உயரத்தில் இருக்கின்றன என்பதைக் கவனிப்பீர்கள். 1667ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் நகரம் இடிந்த பிறகு, அன்று ரகூசா என்ற பெயரில் தனிக் குடியரசாக இருந்த இந்நகரத்தின் அரசு ஒரே திட்டத்தின்படி அவற்றைத் திரும்பக் கட்டச் செய்தது. கீழ்த்தளக் கடைகளில் கதவும் ஜன்னலும் ஒரே வளைவுக்குள் அமைந்து, ஜன்னலின் அடிப்பகுதியே வியாபாரப் பலகையாக இருக்கும். அந்த ஒரு வளைவை மட்டும் வரைவதற்கே அரை மணி நேரம் தாராளமாகச் செலவிடலாம்.

பிறகு மதில் மேல் ஏறுங்கள். 1,940 மீட்டர் சுற்றளவு. ஒரே திசையில்தான் நடக்க அனுமதிப்பார்கள். எனவே பிடித்த இடத்தில் நின்றுவிட வேண்டும், திரும்பி வர இயலாது. மேலிருந்து கூரைகளைப் பார்க்கும்போது எல்லா ஓடுகளும் ஒரே சிவப்பு என்று நினைத்து ஒரே வண்ணத்தைப் பூசிவிடாதீர்கள். யுகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த போரில், 1991-92 முற்றுகையின்போது பழைய நகரத்தின் கட்டடங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குண்டுவீச்சுக்கு ஆளாயின. பிறகு மாற்றிய ஓடுகள் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கின்றன. தப்பிப் பிழைத்த பழைய ஓடுகளோ மஞ்சளும் பழுப்பும் கலந்து, வெயிலில் வெளிறிக் கிடக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பூசினால், எந்த வீடு தப்பியது, எது அடிபட்டது என்பது உங்கள் தாளிலேயே தெரியும். மேல்தளத்திலிருந்து வரைகிறவர்களுக்கு இது தெரியாமலே போகும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நல்ல விவாதம். இரண்டு தரப்புக்கும் பழைய சாட்சிகள் இருக்கிறார்கள் என்பதால் குறுக்கிடுகிறேன்.

நங்கூரம் அவர்களின் தரப்புக்கு முதல் சாட்சி, எர்ஹார்ட் ரோய்விக் என்ற ஓவியர். 1483ஆம் ஆண்டு பெர்ன்ஹார்ட் ஃபான் பிரைடன்பாக் என்ற ஜெர்மானியத் திருச்சபைப் பிரமுகர் ஜெருசலேமுக்குப் புனிதப் பயணம் போனபோது, வழியிலுள்ள ஊர்களை வரைவதற்கென்றே இவரை உடன் அழைத்துச் சென்றார். வெனிஸில் கப்பலேறிய அவர்கள் பாரென்சோ, கோர்ஃபு, மோடோன், காண்டியா, ரோட்ஸ் ஆகிய துறைமுகங்களைத் தொட்டுப் போனார்கள். 1486இல் மைன்ஸ் நகரில் அச்சான அவர்களது பயண நூலில் இந்த ஊர்களின் மரச்செதுக்குப் படங்கள் இருக்கின்றன. வெனிஸ் படம் மட்டும் மடித்து வைக்கப்பட்ட நிலையில், விரித்தால் ஒன்றரை மீட்டருக்கும் அதிகமான நீளம் கொண்டது. முன்னால் கடலும் கப்பல்களும், பின்னால் மதிலும் கோபுரங்களும் என்று, வந்து சேரும் பயணியின் கண் வழியாகவே ஊர்கள் விரிகின்றன. மைக்கூடு அவர்கள் போகும் கோர்ஃபுவும் அதில் இருப்பதால், பயணத்துக்கு முன்பே அந்தப் படத்தை இணையத்தில் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

ஐரோப்பியருக்கு மறுபக்கத்தில் இருந்த ஓட்டோமன் துருக்கியரிடமிருந்தும் இதே தரப்புக்கு ஓர் உதாரணம் உண்டு. 1543இல் தளபதி பார்பரோசாவின் ஓட்டோமன் கடற்படை மேற்கு மத்தியதரைக் கடலுக்குப் போன பயணத்தைப் பதிவு செய்த மத்ராக்சி நசூஹ், நீஸ், தூலோன், ஜெனோவா போன்ற துறைமுகங்களை வரைந்திருக்கிறார். அவர் படங்களில் மனிதர்களே இல்லை. ஊரும் நீரும் கப்பல்களும் மட்டுமே இருக்கின்றன. ஒரே இடத்தில் நின்று பார்ப்பதுபோல் வரையும் ஐரோப்பியப் பெர்ஸ்பெக்டிவ் அவருக்குத் தேவைப்படவில்லை. பல கோணங்களை ஒரே தாளில் அடுக்கி ஊரை முழுமையாகக் காட்டிவிடுகிறார். நகரும் கப்பலில் கோணம் மாறிக்கொண்டே இருக்கிறது என்று ஈரத்தூரிகை அவர்கள் குறைப்பட்டதற்கு இது ஒரு விடையாகலாம்: மாறுகிற கோணத்தை எதிர்த்துப் போராடாமல், மாற்றங்களையே வரிசையாக வரையலாம்.

ஆனால் நேரக் குறைவுக்கு மிகச் சிறந்த வழிகாட்டி எட்வர்ட் லியர்தான். நகைச்சுவைப் பாடல்களுக்காக அறியப்பட்ட அவர், வாழ்வை நடத்தியது நிலக்காட்சி ஓவியராக. கோர்ஃபுவில் பல ஆண்டுகள் வசித்தவர். மால்ட்டாவிலும் ஒரு குளிர்காலத்தைக் கழித்தவர். 1873 முதல் 1875 வரை இந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றி வரைந்தவர் என்பதால் நமக்கும் முற்றிலும் அந்நியர் அல்லர். அந்த இடத்திலேயே பென்சிலால் விரைவாக வரைந்து, ஓரத்தில் ஊரின் பெயர், தேதி, மணி ஆகியவற்றைக் குறிப்பார். படத்துக்குள்ளேயே எந்த மலை என்ன நிறம், எந்த இடத்தில் நிழல், எங்கே ஆட்டு மந்தை என்று சொற்களால் எழுதிவைப்பார். பிறகு அறைக்குத் திரும்பி, பென்சில் கோடுகளின் மேல் மையால் எழுதி, வண்ணம் பூசுவார். அவருடைய ஓவியங்கள் பலவற்றில் அந்தச் சொற்கள் இன்றும் அப்படியே தெரிகின்றன. பகலில் ஊரும் இரவில் கப்பல் அறையும் கிடைக்கும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பது என் எண்ணம்.

ஈரத்தூரிகை எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா, லியரின் முறையை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் ஓர் இடத்தின் நிறங்களை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகியவர். "இளநீல நிழல்" என்று எழுதினால் எந்த இளநீலம் என்பது அவருக்கு இரவிலும் நினைவிருக்கும். புதிதாகப் போகிறவர் அதே சொற்களை எழுதினால், கப்பல் அறையின் மஞ்சள் விளக்கில் அவற்றுக்கு எந்தப் பொருளும் இருக்காது. குறிப்பு எழுதுவதோடு, தாளின் ஓரத்தில் நான்கைந்து வண்ணத் துளிகளையாவது அங்கேயே கலந்து இட்டுவிட வேண்டும். தாளை வெயிலில் வைத்துப் பூசாமல் நிழலில் வைத்துப் பூசவும் வேண்டும். வெயிலில் தாள் கண்ணைக் கூசச் செய்வதால் கை தானாகவே வண்ணத்தை அடர்த்தியாக்கிவிடும். அறைக்குள் கொண்டுவந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். கறுப்புக் கண்ணாடியை வரையும் நேரத்தில் கழற்றிவிடுங்கள்.

கல்தச்சன் எழுதியது:

கண்மட்டம் பற்றி நங்கூரம் அவர்கள் சொன்னதைக் கரைக்கும் கொண்டுவர விரும்புகிறேன், ஏனெனில் வல்லெட்டாவில் பெரும்பாலோர் தடுமாறுவது அங்கேதான்.

1565ஆம் ஆண்டுப் பெரும் முற்றுகையை ஓட்டோமன் படை கைவிட்டுப் போன பிறகு, அப்போது தீவை ஆண்ட கிறித்தவத் துறவற வீரர்களான புனித ஜான் வீரர் குழு 1566இல் அடிக்கல் நாட்டிய நகரம் வல்லெட்டா. திட்டம் இத்தாலியப் பொறியாளர் ஃப்ரான்செஸ்கோ லாபரெல்லியுடையது. பெரும்பாலான பொதுக் கட்டடங்களை எழுப்பியவர் மால்ட்டாவின் ஜிரொலாமோ காசார். மேடு பள்ளமான ஒரு முனையின் மேல், நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பொருட்படுத்தாமல் சதுரங்கக் கட்டங்களாகத் தெருக்களை நேராக இழுத்துவிட்டார்கள். அதனால் குறுக்குத் தெருக்கள் பலவும் படிக்கட்டுகளாகக் கீழே இறங்கி, முடிவில் கடலைக் காட்டுகின்றன. இருபுறமும் மரச்சட்டமிட்டு மூடிய பால்கனிகள் பச்சை, சிவப்பு, நீலம் என்று தொங்கும். வரைவதற்கு இதைவிட ஆசை காட்டும் தெரு கிடையாது.

இங்கேதான் சிக்கல். தெரு கீழே இறங்குவதால், கடலும் கீழேதான் இருக்க வேண்டும் என்று மனம் சொல்லும். கையும் கடலின் கோட்டைத் தாளின் அடிப்பகுதியில் போட்டுவிடும். உண்மையில் கடலின் தொடுவானம் எப்போதும் நீங்கள் நிற்கும் கண்மட்டத்தில்தான் இருக்கும், நீங்கள் எந்த உயரத்தில் நின்றாலும் சரி. வீடுகளின் தளக் கோடுகளும் ஜன்னல் வரிசைகளும் கிடைமட்டமானவை என்பதால், அவை தொடுவானத்திலுள்ள மறைபுள்ளியை, அதாவது இணைகோடுகள் ஒன்றுசேர்வதுபோல் தெரியும் புள்ளியை, நோக்கிப் போகும். சரிந்து இறங்கும் தெருவின் ஓரங்களுக்கு மட்டும் மறைபுள்ளி அதற்கு நேர் கீழே அமையும். முதலில் தொடுவானத்தை ஒரு மெல்லிய கோடாகத் தாள் முழுவதும் இழுத்துவிட்டு, பிறகு இரண்டு மறைபுள்ளிகளையும் குறித்துக்கொண்டால், கடல் தெருவின் முடிவில் நீலச் சுவராக எழுந்து நிற்கும். நேரில் பார்ப்பவர்கள் வியப்பதும் அந்த எழுச்சியைத்தான்.

தனிப்பட்ட ரசனையாக ஒன்று: புனித ஜான் இணைப் பேராலயத்துக்குள் போவதற்கும் நேரம் ஒதுக்குங்கள். இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608இல் வரைந்த, திருமுழுக்கு யோவானின் தலைவெட்டு ஓவியம் அங்கே இருக்கிறது. அவர் கையொப்பமிட்ட ஒரே ஓவியம் அது. கையொப்பத்தை யோவானின் கழுத்திலிருந்து வழியும் இரத்தத்தில் இட்டிருக்கிறார். கோடு போடும் கை சற்றே ஓய்ந்திருந்து பார்ப்பதும் வரைவின் ஒரு பகுதிதான்.

நடைபாதை எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் கோணத்தையும் வண்ணத்தையும் பேசுகிறீர்கள். பயணிகள் கப்பல் என்பதே இந்த ஊர்களுக்குப் பெரும் சுமை என்பதை யாரும் பேசவில்லை. மதிலுக்குள் சில ஆயிரம் பேர்கூட வசிக்காத ஊரில், ஒரே காலையில் இரண்டு மூன்று கப்பல்கள் பல ஆயிரம் பேரைக் கொட்டுகின்றன. டுப்ரோவ்னிக் 2019இல் ஒரே நேரத்தில் இரண்டு கப்பல்கள் என்று வரம்பு வைக்க வேண்டி வந்தது. வெனிஸின் நடுவே ஓடும் ஜூதெக்கா கால்வாயில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நுழைய 2021 ஆகஸ்டிலிருந்து தடை இருக்கிறது. த்ரியெஸ்தேயிலிருந்து பயணங்கள் புறப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வரைகிறவருக்கு நேரம்தான் செல்வம் என்றால் சாதாரணப் பயணப் படகுகளில் போகலாமே. இத்தாலியின் அன்கோனாவிலிருந்து ஸ்ப்ளிட்டுக்கும், பாரியிலிருந்து டுப்ரோவ்னிக்குக்கும் இரவுப் படகுகள் ஓடுகின்றன. ஸ்ப்ளிட்டிலிருந்து தீவுகளுக்கு நாள்தோறும் படகு உண்டு. ஓர் ஊரில் மூன்று இரவு தங்கினால், பகல் கூட்டம் கப்பலுக்குத் திரும்பிய பிறகு, மாலை ஆறு மணிக்கு மேல் தெரு உங்களுடையது. அப்போது வரைவதுதான் ஊரை வரைவது. கடலிலிருந்து ஊரைப் பார்க்கும் வாய்ப்பும் இதில் குறைவதில்லை. படகின் தளம் தாழ்வாக இருப்பதால் நங்கூரம் அவர்கள் கேட்ட கோணமும் கிடைக்கும்.

நங்கூரம் எழுதியது:

நடைபாதை அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. கையில் மூன்று வாரமும் உடம்பில் தெம்பும் உள்ளவர்களுக்கு அதுவே நல்ல வழி. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் மூட்டையைத் தூக்கிப் படியேறி அறை தேட எல்லோராலும் முடியாது. வயதானவர்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், இரவில் தூங்கி எழுந்தால் அடுத்த ஊர் என்பது சிறிய வசதி அல்ல. பதிவு செய்துவிட்ட ஒருவரிடம் போகாதே என்று சொல்வதைவிட, கூட்டத்திலிருந்து விலகிப் பார்க்கும் வழியைச் சொல்வோம்.

அந்த வழி வெளிச்சத்தைக் கணக்கிடுவது. சுற்றுலா வழிகாட்டிகள் கூட்டத்தை நேரத்தின்படி நடத்துகிறார்கள். நீங்கள் சூரியனின்படி நடங்கள். டுப்ரோவ்னிக்கின் பழைய துறைமுகம் கிழக்கே பார்க்கிறது. காலை வெயில் நேராக அதன் கோட்டைச் சுவர்களில் விழும் என்பதால், அதைக் காலையில் வரைந்துவிடுங்கள். கப்பல் நிற்கும் க்ரூஷ் துறைமுகம் பழைய நகரத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் அளவு தள்ளி இருப்பதால், முதல் பேருந்தைப் பிடிப்பது அவசியம். கோட்டோர் இதற்கு நேர் எதிர். ஊருக்குக் கிழக்கே மலை செங்குத்தாக நிற்கிறது; காலையில் நெடுநேரம் ஊர் முழுவதும் நிழலில் கிடக்கும். மலைமேல் 260 மீட்டர் உயரம் வரை ஏறிச் செல்லும் மதில் அப்போது ஒரு மங்கலான கோடுதான். பிற்பகலில் மேற்கிலிருந்து வெயில் விழுந்ததும் அதன் ஒவ்வொரு வளைவும் தனித்தனியாகத் தெரியும். எனவே கோட்டோரில் காலையில் ஊருக்குள் சந்துகளையும் புனித ட்ரைஃபோன் பேராலயத்தையும் வரையுங்கள். ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏற விரும்பினால் அதையும் நிழல் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். மாலையில் கப்பல் புறப்படும்போது கீழ்த்தளத்தின் பின்பக்கத்தில் நின்று மதிலை வரையுங்கள்.

நடைமுறைக் குறிப்பு ஒன்று. குரோஷியா 2023 தொடக்கத்திலிருந்து, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளில் சுற்றக்கூடிய ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. கோட்டோர் அமைந்துள்ள மாண்டினீக்ரோ அதில் இல்லை. அங்கே போய்விட்டுக் கோர்ஃபுவில் கால் வைப்பது மறுபடியும் ஷெங்கனுக்குள் நுழைவதாகும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் பலமுறை நுழையும் விசாவைக் கேட்டு வாங்க வேண்டும். மேலும், வழியில் எங்காவது கடற்படைத் துறைமுகம் கண்ணில் பட்டால் புத்தகத்தை மூடிவிடுங்கள். ராபர்ட் ஆடம் காலத்துச் சந்தேகம் இன்றும் முழுவதும் தீர்ந்துவிடவில்லை.

மைக்கூடு எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. படித்துவிட்டு என் திட்டத்தை இப்படி மாற்றியிருக்கிறேன். ஸ்ப்ளிட்டில் பெரிஸ்டைலின் ஒரு தூண் மட்டும். டுப்ரோவ்னிக்கில் காலையில் பழைய துறைமுகம். பிறகு மதில் மேலிருந்து இரண்டு வகை ஓடுகள். கோட்டோரில் நுழையும்போதும் வெளியேறும்போதும் மத்ராக்சி நசூஹின் வழியில் ஒரு நீண்ட மடிப்புத் தாளில் தொடர்வரிசை. அதற்கென்றே விசிறி மடிப்புப் புத்தகம் ஒன்று வாங்கப் போகிறேன். ஈரத்தூரிகை அம்மா சொன்னபடி ஓரங்களில் வண்ணத் துளிகள். கோர்ஃபுவில் ரோய்விக்கின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய கோட்டையை அவர் பார்த்த பக்கத்திலிருந்தே தேடிப் பார்க்கலாம் என்று எண்ணம். நடைபாதை அவர்களின் ஆலோசனையை அடுத்த பயணத்துக்காக எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் மீதம் இருக்கிறது. வல்லெட்டாவில் கப்பல் விடியற்காலையிலேயே உள்ளே நுழைகிறது. பயணம் அங்கேயே முடிவதால் இறங்கும் அவசரமும் இருக்கும். எந்தப் பக்கம் நிற்பது?

கல்தச்சன் எழுதியது:

அங்கே ஒரு நாளாவது கூடுதலாகத் தங்க முடிந்தால் தங்குங்கள். மேல் பராக்கா தோட்டத்திலிருந்து துறைமுகத்துக்கு எதிர்க்கரையிலுள்ள பழைய ஊர்களைப் பார்க்கும் காட்சிக்கு மாலை வெயில் வேண்டும். காலையில் அவை சூரியனுக்கு எதிராக இருண்டு தெரியும். நண்பகலில் தோட்டத்துக்குக் கீழே பீரங்கி முழங்கும். முன்கூட்டித் தெரியாவிட்டால் கோடு ஒன்று தாளைத் தாண்டிப் போய்விடும்.

நங்கூரம் எழுதியது:

துறைமுக வாய் வடகிழக்கே திறந்திருக்கிறது. கப்பல் தென்மேற்கு நோக்கி உள்ளே போகும். வலப்பக்கத்தில் புனித எல்மோ கோட்டையும் அதைத் தொடர்ந்து வல்லெட்டாவின் கொத்தளங்களும் வரும். இடப்பக்கத்தில் ரிகாசோலி கோட்டையும் பிறகு புனித ஏஞ்சலோ கோட்டையும் வரும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து எழுவதால், வலப்புறச் சுவர்களின் தேன் நிறக் கல் முதலில் வெளிச்சம் வாங்கும். எனவே வலப்பக்கக் கீழ்த்தளம். பெட்டியை முந்தைய இரவே கட்டி வெளியில் வைத்துவிட்டு, பென்சிலோடு ஐந்தரை மணிக்கெல்லாம் அங்கே போய்விடுங்கள். துறைமுக வழிகாட்டியை ஏற்றிவரும் பைலட் படகு கப்பலை அணுகுவது தெரிந்ததும், வாயிலுக்கு இன்னும் அதிக நேரம் இல்லை என்று புரிந்துகொள்ளலாம். எல்மோவைத் தாண்டிய பிறகு எல்லாம் மிக விரைவாக வந்துவிடும் என்பதால், கொத்தளங்களின் வெளிக்கோட்டை மட்டும் பிடியுங்கள். பால்கனிகளைக் கரையில் பார்த்துக்கொள்ளலாம்.